தொட்டியைக் குளிர வைத்த நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

தினமும் நாலு வரி எழுதுங்கள், இல்லையென்றால் கை மறந்துவிடும் என்று முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். சரி. காலையில் மழை. மனைவி மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மருமகள் இன்றும் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். நாலு வரி ஆகிவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஊசி நாள். மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து வாரம் ஒரு ஊசி. இத்தனை காலம் பெட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பேன், மருமகள் குத்துவாள். இன்று உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எழுத்துக் கூட்டி வாசிக்க உட்கார்ந்துவிட்டேன். மனைவி சட்டைக் கையை மடித்தபடி காத்திருந்தாள்.

"படிச்சு முடிச்சாச்சுன்னா குத்தச் சொல்லுங்க. கை மரத்துப் போச்சு."

ஹார்மோன் என்று ஒரு சொல் இருந்தது. அது என்ன என்று மருமகளைக் கேட்டேன். ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்குச் சிறுநீரகம் அனுப்பும் சேதியாம். மனைவியின் சிறுநீரகம் அதை அனுப்புவதில்லை. அதனால் நாம் ஊசியில் அனுப்புகிறோம்.

"யாரும்மா இதைச் செய்றாங்க?"

"செல்லுங்கதான் மாமா. ஒரு சின்ன எலி வகையோட சினைப்பையிலேர்ந்து வந்த செல்லுங்க. மனுஷ உடம்புல இதுக்குன்னு இருக்கற மரபணுவை அதுக்குள்ள வெச்சுட்டா, அது நமக்காகச் செஞ்சு வெளிய விடும். எங்க கம்பெனி தொட்டியில வளர்க்கறதும் அதைத்தான்."

"எலியா?" என்றாள் மனைவி. "எனக்கு வால் முளைச்சா நீதான்டி பொறுப்பு."

"முளைச்சா நானே பின்னி விடுறேன் அத்தை."

கிடங்கில் சுமை இறக்கிய காலத்தில் எத்தனை மருந்துப் பெட்டிகள் என் தோளில் ஏறி இறங்கியிருக்கும்! உள்ளே இருப்பதை உயிர்கள் உட்கார்ந்து செய்தன என்று ஒருவரும் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் கொஞ்சம் மெதுவாக இறக்கியிருப்பேன்.

மார்ச் 9, திங்கள்

மருந்துக் கடையில் ஊசி இருப்பு இல்லை. அடுத்த வாரம் வரலாமாம். "வந்தா வருது. அதுவரைக்கும் நான் இருந்தாத்தானே" என்றாள் மனைவி. கப்பலில் வேலை செய்யும் மகன் வருடக் கடைசியில் வருகிறேன் என்றாலும் இதே பதில்தான். அவளுக்கு இது வாய்ப்பாடு. எனக்குத்தான் கேட்டுப் பழகவில்லை.

மருமகளுக்கும் கஷ்டம். அவளுடைய செல்கள் நன்றாகப் பெருகுகின்றன, ஆனால் மருந்தைக் குறைவாகச் செய்கின்றன. இரண்டு மடங்காவது வரவில்லை என்றால் தொட்டியை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்களாம். இவள் வருடக்கணக்கில் வளர்த்த செல்கள் உறைபெட்டிக்குப் போய்விடும். மேலதிகாரிக்கு இவர்கள் வைத்த பெயர் 'சீக்கிரம் சார்'.

சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடலாமே என்று யோசனை சொன்னேன்.

"ஐயோ மாமா! அதிகமாத் தின்னா புளிப்பு கக்கும். இருக்கற தண்ணியை அதுங்களே கெடுத்துக்கும்."

சரி, அதோடு என் யோசனை முடிந்தது. அவளுடைய வழி வேறு. நம் உடம்பின் சூட்டில்தான் செல்கள் பெருகும். சூட்டைச் சில டிகிரி குறைத்தால் பெருகுவதை விட்டுவிட்டு, மருந்து செய்வதில் இறங்கிவிடும்.

"பிள்ளை பெத்தது போதும், இனி வேலையைப் பார்ப்போம்னு கிளம்புற மாதிரி" என்றாள்.

"எனக்கு யாரும் அப்படிக் குளிர வைக்கலையே" என்று மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேனாவைத் தேடினேன்.

மார்ச் 11, புதன்

தொட்டியைக் குளிர வைத்தாயிற்று. நினைத்ததற்கு முன்பே. சீக்கிரம் சார் நெருக்கினாராம்.

மார்ச் 14, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

செல்கள் போதுமான அளவு பெருகுவதற்குள் குளிர் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் வேலை செய்ய ஆளே இல்லை. மருமகள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் சொன்னாரு, நான் தலையாட்டினேன். அதுங்க ரெடி ஆகலைன்னு எனக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சே பண்ணினேன்."

மனைவி வந்து அவள் செருப்பைக் கழற்றினாள். குனிந்தால் அவளுக்குத் தலை சுற்றும். இருந்தும் குனிந்தாள்.

மார்ச் 16, திங்கள்

மருமகள் சீக்கிரம் சாரிடம் போய் நேராகவே சொல்லியிருக்கிறாள், தவறு என் பேரில், இன்னொரு தடவை கொடுங்கள், ஆனால் எப்போது குளிர வைப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று. அவர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "கடைசி" என்றாராம். பரவாயில்லை. கொடுத்தாரே.

என் வீட்டில் இப்படி ஒரு பெண்!

மார்ச் 22, ஞாயிறு

வியாழனன்று மனைவிக்கு ஊசி கிடைத்துவிட்டது. மருமகளுக்கு ஞாயிறும் வேலை. சீக்கிரம் சார் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று, "இன்னிக்கா?" என்கிறாராம். இவள் "இல்ல சார்" என்கிறாளாம். நேற்றும் இதே கேள்வி, இதே பதில். வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாள். அவர் குரல் கனம், இவள் குரல் நூல். ஆனால் நூல் அறுபடவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்று குளிர வைத்தாள்.

மார்ச் 27, வெள்ளி

மருமகள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். "வந்தது வந்தீங்க, பாருங்க மாமா" என்று நடைபாதைக் கண்ணாடி வழியாகத் தொட்டியைக் காட்டினாள்.

ஆள் உயரம். பளபளவென்று எஃகு. நடுவில் உள்ளங்கை அளவு வட்டச் சாளரம், அதற்குள் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஏதோ சுழல்கிறது. இவ்வளவுதானா என்று முதலில் தோன்றியது. பிறகு, அந்தக் கலங்கலே உயிர்கள்தான், ஒவ்வொன்றும் இந்த நிமிடம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. திரையில் முப்பத்துமூன்று டிகிரி என்று இருந்ததை நானே வாசித்தேன். கைகூப்பியிருப்பேன். காவலர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 1, புதன்

இரண்டு மடங்குக்கும் மேலே! இன்றைய தேதியைப் பார்த்து நான் நம்பவில்லை. "சத்தியமா மாமா" என்று தலையில் அடித்துச் சொன்னாள்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. இந்த ஹார்மோன் மேல் சர்க்கரையால் ஒரு போர்வை இருக்க வேண்டுமாம். செல்களே நெய்து போர்த்தி அனுப்புமாம். போர்வை அரைகுறையாக இருந்தால் கல்லீரல் பிடித்து ஒழித்துவிடும், எலும்புக்குச் சேதி போகாது. எண்ணிக்கை கூடினால் போர்வை கெடுவதும் உண்டாம்.

அவ்வளவு சின்ன உயிர், நெசவும் தெரிந்து வைத்திருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

முடிவு வரவில்லை. போன் தட்டுக்குப் பக்கத்திலேயே.

ஏப்ரல் 10, வெள்ளி

போர்வை முழுசாக இருக்கிறது! தொட்டி அவளுக்கே. அடுத்தது பெரிய தொட்டி. சீக்கிரம் சார் அறிக்கையை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "பெருசுல மெதுவாவே பண்ணுங்க" என்றாராம். குழு முழுக்க இருமிச் சிரிப்பை அடக்கியிருக்கிறது. புதுப்பெயர் தேடுகிறார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மருமகள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். போன் உள்ளறையில் கிடந்தது.

ஆசை தாங்காமல் கேட்டுவிட்டேன், உன் மருந்து அத்தை கைக்கு எப்போது வரும் என்று. அவள் முகம் கொஞ்சம் இறங்கியது. பெரிய தொட்டி, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது, பிறகு அனுமதி. "வருஷக்கணக்குல ஆகும் மாமா."

ஏன்தான் கேட்டேனோ. அந்த வாய்ப்பாடு வரப்போகிறது என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி மருமகள் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"ஆகட்டுமே. நீங்க ஒருத்தர் அவளை அவசரப்படுத்தாதீங்க. நான் இருக்கேன்."