பட்டை கேட்காத கேள்வி

வாப்பா,

உங்கள் கைப்பட்டையில் இன்னும் அத்தர் வாசனை இருக்கிறது. உம்மா சோப்புப் போட்டுத் துடைத்தும் போகவில்லை. நாளை அதையே உம்மாவின் கையில் கட்டப்போகிறார்கள். கொஞ்ச நாளாக அவருக்கும் படபடப்பு. பேரை மட்டும் மாற்றினால் போதுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. உம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

போன வருஷம் நெஞ்சுவலி குணமாகி நீங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் அதைக் கட்டி அனுப்பினார்கள். துடிப்பையும் தூக்கத்தையும் இரவு பகலாகக் குறித்துக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவு அதையெல்லாம் சேர்த்துப் பார்த்து உங்கள் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். வழக்கம் மாறினால் சிவப்பு காட்டும், துபாயில் இருக்கும் உங்கள் மகன், என் நானாவின் செல்போனிலும் தெரியும் என்றார்கள்.

"ஒங்க உம்மாவவிட இது தேவல. ஏன் எதுக்குன்னு கேள்வி கேக்காது" என்று சிரித்தீர்கள்.

"கேக்க ஆளில்லாம போனா தெரியும்" என்றார் உம்மா அடுப்படியிலிருந்து.

அது நோன்பு மாதம். டாக்டர் நோன்பு வைக்க வேண்டாம் என்றார். ஆனாலும் பள்ளிவாசலில் இரவுத் தொழுகையை நீங்கள் விடவில்லை. விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எங்களோடு எழுந்து உட்கார்ந்து, முள்ளெடுத்த மீனை என் தட்டில் வைப்பீர்கள். அந்த விழிப்பையெல்லாம் உங்கள் வழக்கம் என்று அந்தச் சனியன் கற்றுக்கொண்டது.

பெருநாள் போன பிறகும் அதே நேரத்தில் எழுந்தீர்கள். இப்போது மூச்சு முட்டி. படுக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உம்மா கெஞ்சினார். "பச்சதான் காட்டுது. வழக்கமா இருக்கறதுதானாம். பயப்படாதீங்க" என்றார் நானா போனில். உங்களைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியபோதும் பச்சைதான். நீங்கள் உயிரோடு வீடு திரும்பவில்லை.

"மெஷின் தப்பா சொல்லலம்மா. பழகுன மாசத்த வச்சு சொல்லியிருக்கு" என்றார் ஆஸ்பத்திரியில் ஒருவர். அதைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போலிருந்தது. அது நோன்பு மாதம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை. தெருவில் விளையாடும் குழந்தைகூட, "ஏன் மாமா தூங்காம உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கும்.

பிறை தெரிந்தால் நாளை மறுநாள் முதல் நோன்பு. "பெருநாள் முடிஞ்சு கட்டலாம் நானா" என்றேன் போனில்.

"சும்மா இரு புள்ள. இங்கேருந்து நான் வேற எதப் பாக்குறது?" என்று கத்தினார். பிறகு அவர் அழுவது கேட்டது.

நாளை ஆஸ்பத்திரியில் நானே சொல்லப்போகிறேன். வரப்போவது நோன்பு மாதம், அந்த மாதத்தை வைத்து என் உம்மாவைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று. குரல் வருமா, தெரியவில்லை.

இப்போதுதான் உம்மா எழுந்தார். போர்வையை விலக்கினேன்.

"ஏன் உம்மா எழுந்திட்டீங்க? மூச்சு வாங்குதா?"

"தண்ணி குடிக்கத்தான். எத்தன தடவ கேப்ப? படு."

கேட்டுக்கொண்டேதான் இருப்பேன், வாப்பா.