கணக்கில் வராத காற்று

மச்சான், இன்று காலை பட்டறையில் ஒரு காரின் பானெட்டைத் தூக்கியதும் வைக்கோல் வாசனை அடித்தது. காருக்குச் சொந்தக்காரர் என்னவோ ஏதோவென்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் நினைவு வந்ததால் வந்த சிரிப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து என்னைச் சீண்டுவதை ஒரு உத்தியோகமாகவே வைத்திருந்தீர்கள். பார்த்த உத்தியோகம் வேறு: பொதுப்பணித்துறையில் லஸ்கர். வெண்ணாற்று மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றீர்கள். அதன் பிறகு மகன் சென்னையிலிருந்து ஒரு கார் வாங்கி அனுப்பினான். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் புது மாதிரி இன்ஜின். ஒரே வருடத்தில் அது திக்க ஆரம்பித்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது, மேட்டில் ஏறும்போது உதறியது. சர்வீஸ் சென்டரில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலும் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மகன் போனிலேயே முடிவு செய்துவிட்டான்: "இந்த வயசுல எதுக்குப்பா கார்? வித்துடலாம்."

அன்று நீங்கள் வண்டியை உதறவிட்டபடியே என் பட்டறைக்குக் கொண்டுவந்தீர்கள்.

"மாப்ள, இத எப்படியாச்சும் ஓட வைங்க. இது போச்சுன்னா நான் வாசலோட சரி."

"புது வண்டியெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

"நான்தான். அதான் வேற யாருகிட்டயும் போக வெக்கமா இருக்கு."

எனக்கு அந்த இன்ஜின் மேல் கோபம் உண்டு. இன்றும் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் ஆக்சிலரேட்டர் மிதியை அழுத்தினால் அந்த அழுத்தம் கம்பி வழியாக இன்ஜினுக்கே போய்ச் சேரும். இதில் மிதி வெறும் மனு. மனுவைக் கம்ப்யூட்டர் பெட்டி வாங்கிக்கொள்ளும். காற்று நுழையும் வாயில் ஒரு சென்சார் உட்கார்ந்து, இவ்வளவு காற்று வருகிறது என்று பெட்டிக்குச் சொல்லும். அதற்குத் தக்க பெட்ரோலைப் பம்பு பெரும் அழுத்தத்தில் வைத்திருக்க, இன்ஜெக்டரை எந்த நொடியில் திறப்பது, கண்ணிமைப்பதற்குள் எப்போது மூடுவது என்பதெல்லாம் பெட்டி இடும் உத்தரவு. எரிந்து போகும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று புகைக்குழாயில் இன்னொரு சென்சார் பார்க்கும். மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பெட்டிக்குப் புகார் போகும். பெட்டி இன்னும் கொஞ்சம் கூட்டும். யாரும் சொல்லித் தராமல், எரிந்துபோன பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து இதை நான் தெரிந்துகொண்டேன்.

பெட்டியின் கணக்கைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். பெட்டி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது; புகைக்குழாய் சென்சாரோ போதவில்லை, போதவில்லை என்கிறது. "பொய் சொல்லுது இந்தச் சென்சாரு. இதத்தான் மாத்தணும்" என்றேன். பழைய டயர் மேல் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்த நீங்கள் நிமிரவே இல்லை.

"கடைமடைக்காரன் தண்ணி வரலன்னு வந்து நின்னா, அவனையா மாப்ள மாத்துவாங்க?"

"இது வாய்க்கால் இல்ல மச்சான்."

"எதுவா இருந்தா என்ன? மேல அளந்து விட்டது ஒண்ணு, கீழ வந்து சேந்தது ஒண்ணு. நடுவுல போயிப் பாக்க வேணாமா?"

எரிச்சலோடுதான் குனிந்தேன். காற்றை அளக்கும் சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய். அதன் அடிப்பக்கம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் கொறித்த நெல்லும் வைக்கோலும். அறுப்பு முடிந்து வயலைவிட்டுக் கிளம்பிய எலி உங்கள் காரில் குடியேறிவிட்டது. அளந்த காற்றுக்குப் பெட்டி பெட்ரோல் கொடுக்கிறது. ஓட்டை வழியாக அளக்காத காற்றும் கூடவே போய்ச் சேருகிறது. இன்ஜெக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"வைக்கோல் போருக்குப் பக்கத்துல கார நிறுத்துற ஒரே ஆளு நீங்கதான் மச்சான்."

"மாட்ட அங்கதான கட்டுவோம்?"

புதுக் குழாய் போட்டு ஓடவிட்டோம். கூட்டியதைப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவதை ஸ்கேனரில் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். உதறல் நின்றது. மகனுக்குப் போன் போட்டு இன்ஜின் பக்கத்தில் பிடித்தீர்கள். என்ன ஃபால்ட் என்று கேட்டான். "எலி" என்றேன். "எலியா மாமா?" என்றான். "ஒவ்வொரு கோளாறுக்கும் சர்வீஸ் சென்டர்ல ஒரு கோடு நம்பர் இருக்கு. எலிக்கு இல்லப்பா" என்றேன். அதற்குப் பிறகு விற்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை.

ஆனால் கல்யாண வீடு, காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சென்சாரு அப்பவே சொல்லிருச்சு, நம்ம மாப்ளதான் நம்பல." இதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. புகார் சொன்னது சென்சார். வழி சொன்னது நீங்கள். ஓட்டையைக் கண்டது நான். நீங்கள் இருந்தால் இந்நேரம் மறுத்துப் பேசியிருப்பீர்கள். மறுக்க ஆளில்லாமல் ஜெயிப்பது ஒரு ஜெயமா?

வண்டி சரியான பிறகு தினமும் சாயங்காலம் எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். ஒருநாள் பட்டறை வாசலில் மறித்து, "எங்க போறீங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல ஏறுனா கண்டக்டர் கேப்பாரு. ஆட்டோவுல ஏறுனா டிரைவர் கேப்பாரு. வீட்ல இருந்தா உங்கக்கா கேப்பா. யாரும் கேக்கக் கூடாதுன்னுதான் மாப்ள இத வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனீர்கள். தினமும் எங்கே போய்வந்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மகன் அந்தக் காரை விற்றுவிட்டான். ஓட்ட ஆளில்லாத வண்டி, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அப்பாவின் வண்டி என்ன விலை போகும் என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் யாராவது பட்டறைக்கு வந்தால், இன்னும் நல்லா ஓடும் என்று மட்டும் சொல்கிறேன். "அப்பா எங்கங்க போகப் போறாரு?" என்பார்கள். பழுதைப் பார்த்துவிட்டு, அந்த அப்பாவை வரச் சொல்லி, சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.