விருந்துக்கு வைத்த சினை நண்டு

அன்புள்ள மகள் தாரணிக்கு,

இங்கே நானும் உன் நைனாவும் சுகம், நண்டுகள் எங்களைவிடச் சுகம், நார்வே குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கம்பெனி எங்கள் குப்பத்து நண்டை நேராக வாங்க வேண்டுமானால், முட்டை சுமக்கும் சினை நண்டைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாய் அல்லவா, மூன்று மாதமாகப் பதினாலு படகுக்காரர்களும் சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாதிரி விட்டுவந்தார்கள். சினை இல்லாத நண்டு எதுக்கு என்று, என்னிடம் நண்டு வாங்கும் அடையாறு அபார்ட்மெண்ட் அம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதையும் நான் பொறுத்துக்கொண்டேன். போன வியாழன் கம்பெனியின் தி.நகர் ஆபீசிலிருந்து ஆனந்தகுமார் என்று ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். வலையை அளந்தார், கூடையைக் கிளறினார், எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டார். அதோடு அவரை அனுப்பியிருந்தால் நான் புத்திசாலி. ஆனால் விருந்தாளிக்குச் சினை நண்டு வைக்காத வீடு நம் குப்பத்தில் உண்டா? நம் படகில்தான் கிடைக்காதே, அதனால் அன்று காலையிலேயே ஆட்டோ பிடித்து வேறு கரையில் நாலு சினை நண்டு தேடி வாங்கி வந்து மிளகு போட்டு ஆக்கிவைத்திருந்தேன். கடலைக் காப்பாற்ற வந்த மனிதர் இரண்டை ஓடு உறிஞ்சிச் சாப்பிட்டார், கைப்பக்குவம் பிரமாதம்மா என்றார், கை கழுவிவிட்டு வந்து மிச்சம் இரண்டையும் போட்டோ எடுத்தார். அவர் வயிற்றுக்குள் போன இரண்டைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. மொத்தக் குப்பத்துக்கும் கம்பெனிக்கு நண்டு விற்கும் அனுமதி நிறுத்திவைப்பு, பத்து நாளில் விளக்கம் வேண்டுமாம். இன்னாமே, நாங்க கடல்ல உட்டத நீ தேடி வாங்கியாந்து அவனுக்கே ஊட்னியா என்று உன் நைனா கேட்டார். பக்கத்து வீட்டு அன்புச்செல்வி, உம் பொண்ணு அங்க சட்டம் போடுது, நீ இங்க கொழம்பு வெச்சிக்கினு கீற, நல்ல குடும்பம்க்கா என்று சிரித்தாள்.

போனில் நீ சொன்னதுதான் எல்லாவற்றிலும் அழகு. போட்டோ தெளிவாக இல்லை, அது சினையே இல்லை என்று எழுதிவிடு, நம் குப்பத்தைச் சிபாரிசு செய்த என் வேலையும் தப்பிக்கும் என்றாய். பொறுப்பான மீன்பிடிப்பு என்று கழுத்து அட்டையில் போட்டுக்கொண்டிருக்கிறாய், அங்கே இந்தப் பாடமும் நடத்துகிறார்களா கண்ணு? நான் அப்படி எழுதவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து நின்று, வாங்கியதும் ஆக்கியதும் நான், படகுக்காரர்கள் மேல் தப்பில்லை என்றேன். தண்டனையாக, ஒரு மாதம் கரையில் கூடை கூடையாகப் பார்த்து, கண் தப்பி வந்த சினை நண்டைத் தண்ணீரில் விடும் வேலை எனக்கு. நேற்று ஒன்று என் விரலைக் கடித்துவிட்டுப் போயிற்று, நன்றியுள்ள ஜீவன். கம்பெனிக்கும் நடந்ததை நடந்தபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு. கம்பெனிக்கு நான் எழுதிய அந்தக் கடிதம் இருபதாம் தேதிக்குள் முடிவுக்காக உன் மேசைக்குத்தான் வரும், மறந்துவிடாதே. எழுதியவள் யாரென்று தெரியாதவள் போலப் படி. அப்படி ஒருத்திக்கு என்ன முடிவு எழுதுவாயோ, அதையே எழுது.

உன் அம்மா,
தேவானை
ஊரூர் குப்பம்