ஆறாம் மாடியிலிருந்து மூன்று வரி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீ சுகமா? எப்போதும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகிற வரிதான் இது, இந்த முறை அப்படித் தாண்ட முடியவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, படியேறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு லிஃப்ட் இருக்கிற வீடாகப் பிடிக்கத் துப்பில்லையாம். வேறு ஊர்க்கதை எழுத மனசு ஓடவில்லை பாப்பா. நேற்று நீ போனில் அதைச் சொன்ன பிறகு நான் பேச நினைத்ததில் பாதி உள்ளேயே நின்றுவிட்டது, அதைத்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அனுப்பினாயே, ஹைக்கூ எழுதக் கத்துக்கறேன்பா, இதுதான் முதல் கவிதை என்று,

ஆறாம் மாடி ஜன்னல்.
கீழே புதுப் பனி.
ஒரு காலடி கூட இல்லை.

அம்மா படித்துவிட்டு, அங்க பனி கொட்டுது போல, புள்ள ஸ்வெட்டர் போடுறாளான்னு கேளுங்க என்றாள். நான் அந்த ஜன்னலையே நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்க்கிறவன் நான், அவ்வளவு உயரத்திலிருந்து அசையாமல் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றால் தலைக்குள் என்னென்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். உனக்குப் போன் போட்டேன், வேலையா இருக்கேன்பா என்று வைத்துவிட்டாய். அப்புறம் நாலு நாள் நீ எடுக்கவேயில்லை. அந்த நாலு நாளும் போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை நூலகத்து லிஃப்ட் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். போனால் மாடியில் நூலகர் அம்மா ஹைக்கூ வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார், புதிதாக எழுத வந்தவர்களுக்காம். கிரீஸ் கையோடு வாசலில் நின்றவனை, உள்ள வந்து உக்காருங்க சார் என்றார். ஜப்பான்காரங்க அஞ்சு ஏழு அஞ்சுன்னு ஓசையை எண்ணி எழுதுவாங்க, நமக்கு அந்தக் கணக்கு அப்படியே ஒட்டாது, மூணு சின்ன வரி போதும் என்றார். என்ன பருவம் என்று தெரிகிற மாதிரி வெயிலோ மழையோ எங்காவது ஒரு சொல் வேண்டும், கண்ணால் பார்த்த இரண்டை அடுத்தடுத்து வைத்து நடுவில் கொஞ்சம் இடம் விட வேண்டும், உவமை அலங்காரமெல்லாம் கூடாது என்றார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயந்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்ததைச் சொன்னார், சோகமா இருக்குன்னு எழுதாதீங்க, எதைப் பார்த்து சோகம் வந்துச்சோ அதை மட்டும் வச்சிட்டு நகர்ந்துடுங்க, மிச்சத்தைப் படிக்கிறவங்க கண்டுபிடிச்சுக்குவாங்க என்று. நீயும் அப்படி வைத்துவிட்டு நகர்ந்துதானே போயிருக்கிறாய்.

வகுப்பு முடிந்ததும் உன் மூன்று வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் நீட்டினேன். யார் எழுதினது என்று கேட்டார், பொண்ணு, தூரத்துல தனியா இருக்கா என்றேன். சீட்டை இரண்டு தடவை படித்தார். கவிதை நல்லாத்தான் இருக்கு சார், ஆனா இதுக்கு என்ன அர்த்தம்னு என்கிட்ட கேக்காதீங்க, அவகிட்டயே கேளுங்க, சுத்தி வளைக்காம நேரா கேளுங்க, கேக்கறதால கெட்டுடாது என்றார்.

அப்படியும் பத்து நாளுக்கு மேல் தள்ளிப்போட்டேன் பாப்பா, அதற்கு என்னை மன்னித்துவிடு. இடையில் நீ இரண்டு தடவை போனை எடுத்தும் சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டுவிட்டு வைத்த கோழை நான். நேற்றுத்தான் வாய் வந்தது. கீழ பார்த்தப்போ குதிக்கணும்னு தோணுச்சா என்று கேட்டேன். தோணுச்சுப்பா, ஒரு தடவை இல்ல என்றாய். மறைக்காமல் நீ சொன்னாயே, அதற்கு உன் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். பெட்டியை இறக்குங்க என்றாள். நீங்க லிஃப்ட்டைப் பாருங்க, நான் என் புள்ளையைப் பாக்கறேன் என்கிறாள், அந்த முழங்காலோடு. எனக்கும் லீவு கிடைத்துவிட்டது, இரண்டு பேருமே வருகிறோம், பத்தொன்பதாம் தேதி. இந்தக் கடிதம் முந்துமோ நாங்கள் முந்துவோமோ தெரியாது. உன் பக்கத்து அறையில் தங்கியிருக்கிற நர்ஸ் பெண்ணிடமும் பேசினேன், நாங்கள் வரும்வரை உன் அறையிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், தங்கமான பெண். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. உனக்காக டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள், வியாழக்கிழமை அவளோடுதான் போக வேண்டும், மறந்துவிடாதே, வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதே.

பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன், இருக்கிறது. நீ நூறு வயசு இருக்க வேண்டும், என் கண்ணே, வேறெந்த வரமும் எனக்கு வேண்டாம். தினமும் காலையில் எழுந்ததும் எனக்கு ஏதாவது எழுதி அனுப்பு. பருவம் வேண்டாம், மூன்று வரி வேண்டாம், அழகாக இருக்கவும் வேண்டாம். சோகமாக இருந்தால் சோகமாக இருக்கிறது என்றே எழுது பாப்பா, அப்பாவுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா