முகத்தை எழுதிவைத்த படை

ஸ்காபரோ,
17.03.1996

அன்பு மகள் ஸ்டெபனிக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். டில்லியில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்பதுதான் எங்கள் மன்றாட்டு. இங்கே பனி இன்னும் விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் உளைவு, ஆனாலும் அஜின்கோர்ட் கடைக்கு நடந்துபோய்க் கீரை வாங்காவிட்டால் அவவுக்கு மனம் ஆறாது. பக்கத்து வீட்டுச் செலீன், நீ குதிரை வைத்தியம் படிக்கிறாய் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறா. இல்லை, மொகலாயரின் குதிரைப்படையைப் பற்றிய ஆராய்ச்சி என்று விளங்கப்படுத்தினால், செத்துப்போன குதிரைக்கு என்ன ஆராய்ச்சி என்று கேட்கிறா.

நீ தமிழில் எழுதி அனுப்பிய பக்கங்களை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். படையைப் பார்வையிடும் நாளில் நல்ல குதிரையைக் காட்டிவிட்டுப் பிறகு நோஞ்சானை மாற்றிவிடுவார்கள் என்று குதிரைக்குச் சூட்டுக்குறி போட்டார்களாம். அரண்மனைக் குதிரைக்கு நெய்யும் சீனியுமாம், எனக்கு டொக்டர் தடுத்த சாமானெல்லாம். வீரனுக்குப் பதில் வேறொருவன் வந்து நிற்காமலிருக்க அவன் முகத்தையே எழுதி வைத்தார்கள், நெற்றி எப்படி, புருவம் எப்படி, மச்சம் எங்கே என்று. அந்த இடத்தில் நான் இறங்க வேண்டிய ஸ்டொப்பைத் தவறவிட்டேன். உன் முகத்தை அப்படி எழுதிப் பார்த்தேன் பிள்ளை. மண்டபம் அகதி முகாமில் சிஸ்டர்மாரிடம் படிக்க விட்டுவந்த பத்தொன்பது வயது முகம்தான் வந்தது. ஆறு வருடம் கழிந்த முகம் என்னிடம் இல்லை. நீ அனுப்பும் படங்களில் கோட்டை வாசல் பெரிதாகத் தெரிகிறது, நீ கடுகு போல ஒரு மூலையில் நிற்கிறாய்.

இந்த வருடமும் வர ஏலாது, ஆராய்ச்சி முடியட்டும் என்று எழுதியிருக்கிறாய். அம்மா உனக்கென்று வாங்கிய குளிர்ச்சட்டையை மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்தா. எனக்குக் கோபம் வந்தது. படித்தது போதும், வந்து சேர் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பிறகு, தூரத்தில் நிற்கிற படையை அங்கேயே போய்ப் பார்வையிடவும் ஆட்கள் இருந்தார்கள் என்று நீயே எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. சரி, நானே வாறன். போன மாதம் சிட்டிசன் பேப்பர் கிடைத்தது, பாஸ்போட்டுக்குப் போட்டிருக்கிறேன், மே மாதம் புறப்படுவேன். அம்மாவுக்கு அவ்வளவு நேரம் பிளேனில் இருக்க ஏலாது. உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுகிறா.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. எயாப்போட்டில் நான் உன்னை அடையாளம் தெரியாமல் கடந்துபோனாலும் போவேன். கோபிக்காமல் நீயே அப்பா என்று கூப்பிடு.

உன் அப்பா,
மரியரட்ணம்