சேர்த்துப் புரட்டிய பக்கம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும் நலமாயிருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சௌகரியம். அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, மாடிப்படியோடுதான் அவளுக்குச் சண்டை. சமையலறைக் குழாயைப் பிளம்பர் மூன்றாம் முறையாக வந்து சரிசெய்தார். இனிமேல் ஒழுகினால் குழாயின் குணமாம், அவர் பொறுப்பில்லையாம்.

எழுத வந்தது வேறு. வாண்டுக்கு எழுத்துப் படப் புத்தகம் தண்ணீர்பட்ட பாடு, அடுத்த மாதம் மொழி வகுப்பில் பெரிய பிள்ளைகளோடு உட்கார வைக்கப் போகிறார்கள் என்றாய். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அவன் காதில் விழும். போன ஞாயிறு வீடியோ போனில் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அணில், ஆடு, இலை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான் அல்லவா? அட்டையை மூடிய பிறகும் ஔடதம் என்று ஒரு சொல் வந்தது. நான் கை தட்டினேன், அம்மா இது என் பிறந்த வீட்டு மூளை என்றாள். பக்கத்தில் சட்டைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த உன் அக்கா மட்டும் ஊசியை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். போனை வைத்ததும், எலிப் பக்கத்தைச் சேத்துப் புரட்டிட்டான்பா, ஏணியைக் காட்டி எலின்னான், அதான் புத்தகம் தீந்தும் வாயில ஒண்ணு மிச்சம் என்றாள். முப்பத்தைந்து வருடம் கரும்பலகை முன் நின்ற எனக்கு அது தெரியவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது என்றேன். நானும் அப்படித்தானே ஓட்டினேன் என்றாள்.

அப்போது நீ பிறக்கவில்லை. அவளுக்கு ஐந்து வயது. ஆசிரியர்கள் அறையில் நிறுத்தி இதே மாதிரி ஒரு புத்தகத்தை ஒப்பிக்க வைத்து, தலைமையாசிரியர் தயங்கியும் கேட்காமல், ஒரு வகுப்பு தாண்டிப் போட்டவன் நான்தான். அங்கே கரும்பலகையில் படம் கிடையாது. தினமும் காலையில் வயிற்று வலி என்பாள். முதலில் மருந்து கொடுத்தேன், பிறகு நடிக்கிறாள் என்று திட்டினேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சக ஆசிரியர்கள் என் காதுபடச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். இன்று தையல் அளவு எதையும் எழுதிவைக்காமல் மனத்திலேயே வைத்திருக்கிறாள் என்று தெருவே மெச்சுகிறது. காரணம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்க மூஞ்சி அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, எப்படிப்பா சொல்றது என்றாள்.

வாண்டுக்கு எழுத்தே தெரியாது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. புத்தகத்தின் கம்பிப் பின்னைக் கழற்றி, தாள்களைத் தனித்தனியாக வெட்டி, சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிடு. படத்தைக் கையால் மூடி எழுத்தை மட்டும் காட்டு. விளையாட்டாகச் செய், முகத்தைச் சுளிக்காதே. நிறத்தை வைத்தே பஸ்ஸை அடையாளம் தெரிந்துகொள்கிறவர் இருக்கிறார், பெயிண்ட் மாறிய அன்று திண்டாடுவார், அதனால் அவர் முட்டாள் ஆகிவிடுவாரா? ஒரு எழுத்துக்கு நாலு புதுப் படம் அவனையே வரையச் சொல். அவசரம் ஒன்றும் இல்லை.

அக்காவைக் கேட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதினேன். அவளைப் பற்றிய இடத்தை வாசித்துக் காட்டப் போனேன். குடுங்கப்பா, நானே படிக்கிறேன் என்று வாங்கி, வரியில் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். வயித்து வலி பொய் இல்ல, நெஜமாவே வலிச்சுது, அதையும் எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க என் ஆசிகள். வகுப்பு ஆசிரியையிடம் இந்த வாரமே பேசிவிடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா