சித்தமானால் வருவேன்

சாயர்புரம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

அன்புள்ள ஜெபிஷா அப்பாவுக்கு,

தேவகனி எழுதுவது. நானும் பிள்ளையும் இங்கே சுகம். கப்பலில் நீங்களும், உங்கள் கைச் சமையலைச் சாப்பிடுகிற அத்தனை பேரும் சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக.

போனில் பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போன வாரம் நீங்கள் கூப்பிட்டபோது நான் சொன்னதெல்லாம் அறுந்து அறுந்து போயிற்று. நீங்கள் திட்டியது மட்டும் ஒரு எழுத்து விடாமல் வந்து சேர்ந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. தருவைகுளத்து வளன் உங்கள் கப்பலில் வேலைக்குச் சேரப்போகிறான், கொழும்பில் வந்து ஏறுகிறான் என்று அவன் அம்மா சொன்னார்கள். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு டப்பா மக்ரூன், நாரத்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் கருப்பட்டி. மக்ரூனைக் கப்பல் முழுக்கப் பங்கு வைத்துவிட்டு வெறும் டப்பாவை நக்கிக்கொண்டிருக்காதீர்கள். நீங்களும் இரண்டு எடுத்துச் சாப்பிடுங்கள்.

முதலில் விசா விஷயம். "ஒன் பக்திதான் பிள்ள விசாவக் கெடுத்துச்சு" என்றீர்கள். நடந்ததை முழுசாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

அமெரிக்காவில் அந்தக் கல்லூரி முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்கு இவளுக்கு இடம் கொடுத்து, படிப்புச் செலவில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்றுக்கொண்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போன மாதம் சென்னைத் தூதரகத்து நேர்காணலுக்கு என் தம்பி தங்கதுரைதான் கூட்டிக்கொண்டு போனான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வுத்தாள் திருத்துகிற வேலை இருந்தது. காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. கேள்வி கேட்ட அதிகாரி ஒரு பெண். என்ன படிக்கப் போகிறாய், யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டதற்கெல்லாம் பிள்ளை டக் டக்கென்று பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியாக, படிப்பு முடிந்ததும் இந்தியாவுக்குத் திரும்பி வருவாயா என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். இவள் இங்கிலீஷில், கர்த்தருக்குச் சித்தமானால் வருவேன் என்றிருக்கிறாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, சித்தமில்லாவிட்டால் என்று கேட்டாராம். அவர் எங்கே வைக்கிறாரோ அங்கே இருப்பேன் என்று இவள் சொல்ல, அவ்வளவுதான், ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவள் ஊர் திரும்புவாள் என்று தங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்கிற அர்த்தத்தில் அதில் அச்சடித்திருந்தது.

தங்கதுரை ரோட்டில் நின்றபடியே எனக்குப் போன் போட்டான். "யக்கா, இவ உள்ள போயி பிரசங்கம் பண்ணிட்டு வந்துட்டா" என்றான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இதில் என் தப்பு என்ன, சொல்லுங்கள். நம் சபையில் யாராவது நாளைக்கு வருவேன் என்று வெறுமனே சொல்கிறார்களா? என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். நாளை நம் கையில் இல்லை, ஆகையால் எதைச் சொன்னாலும் அவர் சித்தத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்பேன். இந்தக் குட்டிச் சாத்தான்கள் அதையும் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டன. அடுத்த வாரம் வசனம் மனப்பாடம் பண்ணி வருவாயாலே என்று கேட்டால், "கர்த்தருக்குச் சித்தமானா வருவேன் டீச்சர்" என்று பதில் வருகிறது. அவர் சித்தம் இருக்கிறது, உன் சித்தத்தைச் சொல்லு என்று காதைத் திருகுவேன். இப்படி வளர்ந்த பிள்ளை, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கேட்டதும் வேறு மாதிரிப் பேசிவிடுமா?

விசா மறுத்த செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. கோயில் வாசலில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளுக்குத்தான் துக்கமே இல்லை. "முத்துச்சிப்பி இங்கன கெடக்கு, அதப் படிக்க அங்கன போணுமாங்கும்" என்று மோவாயில் கைவைத்துக்கொண்டாள். நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

அந்தக் கல்லூரி ஆகஸ்டு வரைக்கும்தான் இடத்தை வைத்திருக்குமாம். இந்தத் தடவையும் மறுத்துவிட்டால் இடமும் போய்விடும், உதவித்தொகையும் போய்விடும். அடுத்த வருஷம் மறுபடி எல்லாரோடும் போட்டி போட வேண்டும். பிள்ளை சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாம் தடவை விண்ணப்பம் போட்டாயிற்று. இந்தப் புதன்கிழமை நேர்காணல். நான் லீவு போட்டுவிட்டு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

அதற்காகத் தூத்துக்குடியில் மாரிராஜ் என்று ஒரு பையனிடம் பயிற்சிக்கு அனுப்பினேன். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்கிற ஆபீஸ் வைத்திருக்கிறான், நல்ல பையன். அதிகாரி மாதிரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கிறான். நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார், சிரி என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தான். அந்தக் கடைசிக் கேள்வி வரும்போது மட்டும் இவளுக்கு வாய் அடைத்துவிடுகிறது. கட்டாயம் வருவேன் என்று சொல்லச் சொன்னால் பேந்தப் பேந்த விழிக்கிறாள். அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "டீச்சர், சாமிய வெளிய நிப்பாட்டிட்டுப் பிள்ளைய மட்டும் உள்ள அனுப்புங்க" என்றான். கர்த்தர் என்ன, வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற செருப்பா என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் பயந்துபோய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

இனி எழுதப் போகிறதைத்தான் உங்களிடம் போனில் சொல்ல முடியாது.

நேற்றுச் சாயங்காலம் விளைமீன் வாங்கி அடுப்படியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். இவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்ப்போமே என்று, நானே அதிகாரி மாதிரிக் குரலை மாற்றி இங்கிலீஷில் கேட்டேன். படிப்பு முடிந்து திரும்பி வருவாயா? இவள் துருவுவதை நிறுத்திவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"அம்மா, அங்க நான் பக்தியில சொல்லல. எனக்குத் தெரியலம்மா. அங்கன நல்ல வேல கெடச்சா இருக்கத்தான் செய்வேன்னு தோணுது. சித்தமானால்னு சொன்னா பொய் சொன்னதா ஆகாதுல்லா. அதான் சொன்னேன்" என்றாள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. ஆண்டவர் பெயரை ஒளிந்துகொள்கிற இடமாக வைத்திருக்கிறாளே என்று சுரீர் என்றது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் பயம் வந்துவிட்டது. போனால் வந்துவிடுவாள் என்றே நான் இதுவரை நினைத்திருந்தேன், ஜெபிஷா அப்பா. இரண்டு வருஷம், கண்ணை மூடித் திறந்தால் போய்விடும் என்று எல்லாரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மனதில் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கத்தி தவறி மீனின் பித்தப்பை உடைந்துவிட்டது. குழம்பு கசந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டு எழுந்தோம்.

இன்றைக்குக் கோயிலில் குருவானவர் அவள் பெயரைச் சொல்லி, புதன்கிழமைக் காரியத்துக்காக ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் என்றேன்.

வெள்ளிக்கிழமை.

வளனுக்குப் பயணம் தள்ளிப்போய்விட்டது, நாளைக்குத்தான் புறப்படுகிறான். அதனால் இதே கடிதத்தில் தொடர்ந்து எழுதுகிறேன். இதற்குள் உங்களுக்குச் செய்தி தெரிந்திருக்கும். பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாளாம், நீங்களும் கைதட்டுகிற படமாகப் போட்டிருந்தீர்களாம். ஆமாம், விசா கிடைத்துவிட்டது.

முத்துநகர் ரயிலில் போனோம். தூதரகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பெற்றோரும் போகக் கூடாது. அவளுடைய போனையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் உட்கார்ந்தேன். என்னைப் போல எத்தனையோ தாய்தகப்பன்மார். ஒரு அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தஸ்பீ மணி உருட்டிக்கொண்டிருந்தார். நான் ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன்.

என்னால் ஜெபிக்க முடியவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? விசா கிடைக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. கிடைக்கக் கூடாது என்று கேட்கவும் மனம் துணியவில்லை. ஆனால் உள்ளே அதுதான் கிடந்தது. மறுத்துவிட்டால் இவள் தூத்துக்குடியிலேயே ஏதாவது ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்துகொள்வாள், சாயங்காலம் பஸ்ஸில் வீடு வந்துவிடுவாள் என்று எண்ணம் ஓடியது. பெற்ற பிள்ளை படிக்கக் கூடாது என்று நினைக்கிற தாய் உலகத்தில் உண்டா? உண்டு, அன்றைக்கு அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறந்துவிட்டேன். போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தாள். கையில் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் விசா கொடுக்கிறார்கள் என்று மாரிராஜ் முன்னமே சொல்லியிருந்தான். இந்தத் தடவை ஆண் அதிகாரியாம். முத்துச்சிப்பி பற்றி ஆசை ஆசையாகக் கேட்டாராம், மன்னார் வளைகுடாவில் கடலடியில் கிடக்கிற பழைய முத்துப்பார்களில் சிப்பி ஏன் நிற்கவில்லை என்று இவளும் விளக்கினாளாம். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த முகத்தைப் பார்த்த பிறகும் நான் வேறு ஏதாவது நினைத்தேன் என்றால் எனக்கு மன்னிப்பே கிடையாது. பிறகு அந்தக் கேள்வியும் வந்ததாம்.

"அம்மா, வருவேன்னுட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நானும் சரி என்றேன். பக்கத்தில் ஒரு ஓட்டலுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டோம். எதிரே உட்கார்ந்து ஊறுகாயைத் தொட்டுத் தொட்டுத் தின்றாள். நிஜமாகத்தான் சொன்னாயா ஏளா என்று என் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அந்த அதிகாரிக்குச் சொன்ன பதில் அவருக்குப் போதும். எனக்கும் அதே பதிலைச் சொன்னால் எனக்குப் போதாது. மாற்றிச் சொன்னால் தாங்க மாட்டேன். நீங்களாவது கேளுங்கள் என்று எழுத நினைத்தேன். வேண்டாம், கேட்காதீர்கள். போகிற பிள்ளை மனம் லேசாகப் போகட்டும்.

ஆகஸ்டு முதல் வாரத்துக்கு டிக்கெட் பார்க்கிறோம். அவளுக்குக் கம்பளிச் சட்டை வாங்க வேண்டும், இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. கப்பல் எங்கேயாவது குளிர் நாட்டுத் துறைமுகத்துக்குப் போனால் நல்லதாக ஒன்று வாங்கி வையுங்கள். உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போன தடவை மாதிரி இருமிக்கொண்டு வந்து இறங்காதீர்கள். அடுப்படியில் எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்கச் சொல்லுங்கள். ஆடுகிற கப்பலில் வழுக்கி விழுந்தால் தூக்க நான் பக்கத்தில் இல்லை. இதுவரை உங்களை அலைகளுக்கு மேல் வைத்துக் காத்தவர் இனியும் காப்பாராக.

பிள்ளை போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடம் இருக்கிறது, சபை இருக்கிறது, அந்தோணியம்மாள் வாய் இருக்கிறது. பகல் போய்விடும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நவம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம், கம்பெனி ஆள் மாற்றினால், கர்த்தருக்குச் சித்தமானால், கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்பீர்கள். நம் வீட்டுப் பேச்சே அதுதான். இத்தனை வருஷமும் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போனை வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எனக்கு அது போதவில்லை. பதில் அனுப்பும்போது கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று மட்டும் எழுதுங்கள், முன்னாலும் பின்னாலும் ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

எதிர்பார்த்திருக்கும் உங்கள்,
தேவகனி